சுருங்கிய இரைப்பையும் சோற்று இலையும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அறுவை அரங்கில் கழியும் ஒன்றிரண்டு மணி நேரத்தைச் சுற்றியும், அதன்பின் எத்தனை கிலோ குறைந்தது என்ற கணக்கைச் சுற்றியுமே நடக்கிறது. ஆனால் வயிற்றில் போட்ட சிறு துளைகளோடு இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பும் நோயாளிக்கு உண்மையான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எதை முதலில் உண்பது என்பவற்றை ஒரு கைக்குழந்தையைப் போல அவர் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. சோற்றை நடுவில் வைத்து, அதன்மேல் குழம்பையும் ரசத்தையும் மோரையும் ஊற்றிப் பிசைந்து உண்ணும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பழக்கம் இன்னும் கடினமானது. ஏனெனில் சுருங்கிய இரைப்பை விதிக்கும் கட்டளைகள் பலவும் அந்தச் சாப்பாட்டின் அமைப்பையே மாற்றச் சொல்பவை.

பேரியாட்ரிக் சர்ஜரி என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தச் சிகிச்சையில் இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. சட்டைக் கையைக் குறிக்கும் ‘ஸ்லீவ்’ என்ற பெயர் கொண்ட முதல் முறையில் இரைப்பையை நெடுக்கு வாட்டில் வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட, எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழாய். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பை அதன்பின் 100 முதல் 150 மில்லி லிட்டர், அதாவது ஒரு காப்பி டம்ளர் அளவுதான் கொள்ளும். ‘பைபாஸ்’ என்ற இரண்டாவது முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கப்படுவதால், உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே கடந்துவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, 1966-இல் இவ்வழியை முதன்முதலில் பருமனுக்குப் பயன்படுத்தினார்.

யாருக்கு இது தேவை என்பதற்கு உடல் நிறைக் குறியெண் ஓர் அளவுகோல். கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறி 40-ஐயும், நீரிழிவு போன்ற நோய்கள் கூடவே இருந்தால் 35-ஐயும் எல்லையாக வைத்தது. 2022-இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் அதைத் திருத்தியபோது, குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 என்ற அளவிலேயே சிகிச்சையைக் கருதலாம் என்றன. சோம்பேறிகள் தேடும் குறுக்கு வழி இது என்று உறவினர்கள் சிலர் சொல்வது அறியாமையால் வரும் கொடுமை. அகற்றப்படும் இரைப்பைப் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெருமளவில் உண்டாகிறது. மன உறுதியால் மட்டும் வெல்ல முடியாத ஒரு வேதியியலோடு இந்நோயாளிகள் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு செய்தியே உணர்த்தும்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது கால் சிரைகளில் ரத்தம் உறைவதைத் தடுப்பதற்காக. அதைவிட அவருக்குப் புதிதாக இருப்பது நீர் அருந்துவதுதான். இருமல் மருந்தோடு வரும் சிறு பிளாஸ்டிக் குவளையைப் போன்ற ஒன்றில் 30 மில்லி லிட்டர் நீரைக் கொடுத்து, அதைக் கால் மணி நேரத்தில் மிடறு மிடறாகக் குடிக்கச் சொல்வது பல மருத்துவமனைகளின் வழக்கம். நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீர் உடலுக்குத் தேவை என்னும்போது, இந்த வேகத்தில் அதை உள்ளே செலுத்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆகவே முதல் வாரங்களில் நீர் குடிப்பதே ஒரு முழுநாள் வேலை. செம்பை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து கடகடவென ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை இங்கே கைவிட்டாக வேண்டும்; அவ்வாறு குடித்தால் நீரோடு காற்றும் இறங்கி, குறுகிய குழாயை அடைத்து, நெஞ்சுக்குழியில் தாங்க முடியாத இறுக்கத்தைத் தருகிறது. உதட்டை டம்ளரில் வைத்து உறிஞ்சிக் குடிப்பதை எச்சில் என்று கருதும் வீடுகளில், நோயாளிக்கென்று ஒரு டம்ளரைத் தனியே வைத்துவிடுவது எளிய தீர்வு.

இரைப்பையை வெட்டிய விளிம்பு நெடுக நுண்ணிய டைட்டேனியக் கம்பிகளால் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தையல் முழுதாக ஆறும்வரை உணவு படிப்படியாகவே கெட்டியாக வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாட்கள் முன்பின் ஆனாலும் வரிசை ஒன்றுதான். முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீராகாரம், அதாவது வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசத்தெளிவு, காய்கறி அல்லது கோழி வேகவைத்த சாறு; அதன்பின் இரண்டு வாரம் வரை பால், நீர்மோர், புரதப்பொடி கரைத்த பானம்; மூன்றாம் நான்காம் வாரங்களில் குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, கட்டித்தயிர், மசித்த முட்டை; ஐந்தாம் ஆறாம் வாரங்களில் இரு விரலுக்கிடையே நசுக்கினால் மசியக்கூடிய மீன், பன்னீர், இட்லி; அதன்பிறகே வழக்கமான உணவு. நன்றாக இருக்கிறோம் என்ற துணிவில் மூன்றாம் வாரமே தோசையைத் தொட்டுவிடுவது அடிக்கடி நிகழும் தவறு. வெளியே தெரியும் துளைகள் பத்து நாட்களில் ஆறிவிடுவதால், உள்ளே இருக்கும் நீண்ட தையலும் ஆறிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது.

முதல் இட்லி உண்ணும் வேளையைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் புதிய ஒழுங்கு விளங்கும். பாதி இட்லி ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கிறது. பட்டாணி அளவில் ஒரு விள்ளல், அது வாயிலேயே கூழாகும்வரை இருபது முதல் முப்பது தடவை மெல்லுதல், விழுங்கிய பின் ஒரு நிமிட இடைவெளி, பிறகு அடுத்த விள்ளல் என்று அந்தப் பாதி இட்லிக்கு இருபது நிமிடம் ஆகிறது. போதும் என்ற உணர்வு பழைய வயிற்று நிறைவாக வருவதில்லை. மார்பெலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம், சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிதல் என்று அது வேறு மொழியில் பேசுகிறது. அந்த அறிகுறிக்குப் பிறகு உண்ணும் ஒரே ஒரு வாய், வலியாகவோ வாந்தியாகவோ திரும்பிவிடும். கிண்ணத்தில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, அந்த ஒரு வாயை விட்டுவிட்டு எழுவது அறுவையைவிடக் கடினமாக இருக்கிறது.

உண்ணும் அளவு இவ்வளவு சுருங்கிவிட்டதால், அந்தச் சிறிய இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே முதன்மையான கேள்வி. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் கிடைக்காவிட்டால் உடல் கொழுப்போடு தசையையும் கரைத்துக்கொள்ளும். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம் புரதமும், 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராம் அளவும்தான் இருக்கின்றன. சோற்றை மட்டும் நம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும், இட்லியை நம்பினால் முப்பது. மாறாக இரண்டு முட்டை 12 கிராமும், 400 மில்லி லிட்டர் பாலோ தயிரோ சுமார் 13 கிராமும், 100 கிராம் மீனோ கோழியோ 20 கிராமுக்கு மேலும் தந்துவிடுகின்றன. சைவர்களுக்குப் பன்னீர், சோயா, பருப்பு, சுண்டல் ஆகியவற்றோடு பெரும்பாலும் புரதப்பொடியும் தேவைப்படுகிறது. எனவே இலையின் வரிசை தலைகீழாகிறது: முதலில் முட்டையோ மீனோ பன்னீரோ, அடுத்துக் கூட்டும் பொரியலும், கடைசியில் இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. சோறு கட்டியாகத் திரண்டு குழாயின் வாயில் நின்றுவிடுவதாகப் பலர் உணர்கிறார்கள். பரோட்டாவும் ரொட்டியும் உள்ளே மாவாகவே திரும்பி அடைத்துக்கொள்வதால் அவற்றைத் தள்ளிப்போடுவதே நல்லது.

தமிழர் சாப்பாட்டோடு நேருக்கு நேர் மோதும் விதி இன்னொன்று. திட உணவையும் நீரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே நீர் அருந்த வேண்டும் என்று உணவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். நீர் சேர்ந்தால் சிறிய இடம் அதனாலேயே நிரம்பிவிடும், உணவும் விரைவாகக் கீழே வழிந்து நிறைவு நிலைக்காமல் போகும். ரசச்சோறும் மோர்ச்சோறும் இந்த விதியின் முன் நிற்க முடியாதவை. எனினும் ரசத்தைத் துறக்க வேண்டியதில்லை, சோற்றிலிருந்து பிரித்தால் போதும். காலை பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் ரசமும், மாலை நான்கு மணிக்கு உப்பிட்ட நீர்மோரும், தனித்த பானங்களாக அன்றைய நீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். சாம்பாரிலோ அடியில் தங்கும் பருப்புதான் உணவு, மேலே நிற்கும் நீர் அன்று.

இனிப்பின் கதை வேறு. பாயசமோ கரும்புச்சாறோ பைபாஸ் செய்தவர்களின் குடலில் திடீரென்று கொட்டும்போது, அந்தச் சர்க்கரை ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ள, பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை வருகின்றன. கொட்டுதல் என்ற பொருளில் இதை ‘டம்பிங்’ என்கிறார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும் இரண்டாவது வகையில், அளவு மீறிச் சுரந்த இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிட, கை நடுக்கமும் மயக்கமும் உண்டாகின்றன. இவை எல்லோருக்கும் வருவதில்லை.

நீண்ட காலத்தில் பெரிய ஆபத்து ஓசையில்லாமல் வருகிறது. வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் துணை நிற்க வேண்டும். இரைப்பை குறைந்தால் அந்தத் துணையும் குறைகிறது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில காலம் தாங்குவதால், பாத எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றும்போது நோயாளி தம் அறுவையையே மறந்திருக்கக்கூடும். தாவர உணவில் இந்த வைட்டமின் இயல்பாக இல்லாததால் சைவர்கள் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிறுகுடலின் தொடக்கத்தில் உறிஞ்சப்படும் இரும்புச்சத்து, பைபாஸ் செய்த, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு எளிதில் குறைந்துவிடுகிறது. அந்த மாத்திரையைக் காப்பியோடும் தேநீரோடும் விழுங்குவது அதை வீணாக்குவதே. கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லி கிராம் வரை பிரித்து, இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி உட்கொள்ளப்பட வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் தயமின் என்ற வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்து, பார்வை இரட்டையாவதும் நடை தள்ளாடுவதும் மனம் குழம்புவதுமாக மூளையைத் தாக்கும். மசக்கை போன்ற சாதாரண வாந்தியாக இதைக் கருதி வீட்டில் காத்திருப்பது ஆபத்து. அதேபோல் முதல் வாரங்களில் காய்ச்சல், ஓயாத படபடப்பு, இடது தோளில் வலி ஆகியவை தையல் கசிவின் அடையாளங்களாக இருக்கலாம் என்பதால், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் மாதம் முதல் முடி கொத்துக் கொத்தாக உதிர்வது பலரையும் கலங்கடிக்கிறது. இது விரைவான எடைக் குறைவின் அதிர்ச்சியால் வருவது; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் முடி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், குழந்தைக்காக ஏங்கிய பெண்களுக்கு இது நற்செய்தியே என்றாலும், முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீரிழிவு மாத்திரைகளும் இன்சுலினும் முதல் நாட்களிலேயே குறைக்கப்பட வேண்டியிருக்கும். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற வலிநிவாரணிகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கக்கூடியவை என்பதைக் குடும்பத்தில் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

இத்தனைக்கும் பலன் உண்டு. லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 1987-இல் சுவீடனில் தொடங்கி, நான்காயிரம் பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருப்பதை 2007-இல் காட்டியது. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் பசி மெல்லத் திரும்புகிறது, இரைப்பையும் சற்றுத் தளர்கிறது. முறுக்கு, மிக்சர், தேநீரில் தோய்த்த பிஸ்கட் போன்றவை நிறைவைத் தராமல் நழுவி இறங்கி, அளவு தெரியாமலே எடையை ஏற்றிவிடுகின்றன. துயரத்திலும் தனிமையிலும் உணவைத் துணையாகக் கொண்டவர்களுக்கு அந்தத் துணையை இழந்த வெறுமை ஆழமானது. அதற்கு உளவியல் ஆலோசனையை நாடுவதில் வெட்கம் ஏதுமில்லை.

வீட்டார் உடன்படாமல் இதெல்லாம் நிலைக்காது. “எலும்பும் தோலுமா ஆயிட்டியே, இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோ” என்ற தாயின் பரிவு, நோயாளியை நாள்தோறும் ஒரு சிறு போருக்கு இழுக்கிறது. முதல் மாதங்களில் விரதம் என்ற பெயரில் நீரையும் விட்டுவிடச் சொல்வதும் அத்தகையதே. அறுவைக்கு முந்தைய ஆலோசனைக்கே சமைப்பவரையும் அழைத்துச் சென்றுவிட்டால் பாதிப் போர் குறைந்துவிடும். கல்யாணப் பந்தி வரும் நாளில், இலையில் உட்கார்ந்தவர் பரிமாறுபவரிடம் சோறு வேண்டாம் என்று சொல்லி, கூட்டையும் சுண்டலையும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கி, பக்கத்தில் இருப்பவர்கள் பாயசத்துக்கு வரும்வரை அதையே மென்றுகொண்டிருப்பார். இலைக்கு முன்னால் வைத்த தண்ணீர்ப் பாட்டில், பந்தி எழுந்து அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கப்படும்.