கலங்கிய நீர் தெளிவது எப்படி?

பொன்னேரிக்கு அருகே தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பம்புசெட்டை ஒட்டித் தம் பிள்ளைகளுக்காக ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர். ஐப்பசி மழையில் வரப்பு மண் கரைந்து தொட்டிக்குள் இறங்கியது. நீர் தேநீர் நிறமாயிற்று. நண்பர் படிகாரத்தைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலையில் தொட்டியின் தரை பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மழை விட்டு வெயில் அடித்தது. பத்து நாட்களில் நீர் பச்சையாகக் கலங்கியது. மறுபடியும் படிகாரம் போட்டார். சற்றுத் தெளிந்தது. ஆனால் மூன்றாம் நாள் மீண்டும் பச்சை! "என்ன வாத்தியாரே, படிகாரத்திலும் கலப்படமா?" என்று என்னிடம் கேட்டார்.

படிகாரத்தில் குறை இல்லை. முதல் முறை நீரைக் கலக்கியது மண். இரண்டாம் முறை கலக்கியது உயிர். இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது. ஏன் என்று பார்ப்போம்.

மண் ஏன் அடியில் படிவதில்லை?

மண் நீரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே அது மூழ்கத்தானே வேண்டும்? மூழ்கும், ஆனால் எவ்வளவு வேகத்தில் என்பதே கேள்வி. நீருக்குள் விழும் சிறு கோளத்தின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் கணக்கிட்டார். விட்டம் பத்தில் ஒரு பங்கானால், வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 2 நிமிடம் ஆகும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு 3 மணி நேரம். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ ஏறக்குறைய 12 நாள்! அதுவும் நீர் துளிகூட அசையாமல் இருந்தால்தான்.

சிறு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டால் விரைவில் இறங்கிவிடுமே என்று கேட்கலாம். அங்கேதான் இடையூறு. நீரிலுள்ள களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால் அவை நெருங்குவதே இல்லை. தனித்தனியே மிதந்துகொண்டு, விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. அதைத்தான் கலங்கல் என்கிறோம்.

ஏரி காட்டும் வழி

இந்த விலக்கத்தை முறிக்கும் வேலை பொன்னேரிக்குப் பக்கத்திலேயே ஆண்டுதோறும் நடக்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறு செந்நிற வெள்ளத்தைச் சுமந்துகொண்டு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியோ கடலோடு தொடர்புள்ள உவர்நீர் ஏரி. உப்பு நீரிலுள்ள சோடியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் களிமண் துகள்களைச் சூழ்ந்துகொள்கின்றன. துகள்களுக்கிடையே இருந்த விலக்கம் தணிகிறது. அவை மோதி, ஒட்டி, திரளாகி, அடியில் இறங்குகின்றன. கடல் நீரிலுள்ள உப்பில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே இதற்குப் போதும். ஆறுகள் உவர்நீரைத் தொடும் இடங்களில் சேறு படிய இதுவும் ஒரு காரணம்.

தொட்டியில் அவ்வளவு உப்பைக் கொட்ட முடியாது. இங்கே படிகாரம் உதவுகிறது. சோடியம் அயனிக்கு ஒரு நேர் மின்னூட்டம். படிகாரத்திலுள்ள அலுமினிய அயனிக்கு மூன்று. மின்னூட்டம் மும்மடங்கானால் துகள்களைத் திரட்டும் ஆற்றல் மூன்று மடங்கு அல்ல, பல நூறு மடங்கு கூடுகிறது! மேலும் அலுமினியம் நீரோடு வினைபுரிந்து பஞ்சு போன்ற ஹைட்ராக்சைடாக மாறி, துகள்களை வலை வீசியதுபோல் வாரிக்கொண்டு இறங்குகிறது.

நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளியவைத்தார்கள். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது. அந்தக் கொட்டையிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களைக் கோத்துத் திரளாக்குகின்றன.

நீங்களே செய்து பாருங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் களிமண் கலங்கிய நீரை ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பும், மற்றொன்றில் ஒரு சிட்டிகை படிகாரமும் போட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். எந்த நீரில் ஒளிக்கற்றையின் பாதை மங்கலாகத் தெரிகிறதோ, அதுவே அதிகம் தெளிந்த நீர்.

பாசியின் கணக்கு வேறு

பச்சை நீரிலுள்ள நுண்பாசிகளுக்கும் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. ஆகையால் படிகாரம் அவற்றையும் ஓரளவு இறக்கும். ஆனால் கொல்லாது. மண் துகள் பெருகாது, பாசி பெருகும்.

வெயிலும், உதிர்ந்த இலை, எரு கலந்த மண் ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்தால், பாசி நாளுக்கு இருமடங்காகக்கூடும். அப்படியானால் பத்து நாளில் அது 1,024 மடங்கு! எட்டில் ஏழு பங்கைப் படிகாரம் நீக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய ஒரு பங்கு 2, 4, 8 என்று மூன்றே நாளில் பழைய அளவை எட்டிவிடும். நண்பர் கண்டது இதைத்தான்.

எனவே பாசியை முதலில் கொல்ல வேண்டும். பிறகுதான் இறக்க வேண்டும். கொல்வதற்குக் குளோரின். தொட்டியின் கொள்ளளவு 6 × 3 × 1.2 = 21.6 கன மீட்டர், அதாவது 21,600 லிட்டர். பாசி படர்ந்த நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் என்றால் 216 கிராம் தேவை. பிளீச்சிங் பவுடரில் 30 விழுக்காடு குளோரின் இருந்தால், 720 கிராம் தூள் வேண்டும். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால் மாலையில்தான் சேர்க்க வேண்டும். நீரின் பி.எச். மதிப்பும் முக்கியம். 7.5இல் குளோரினில் பாதி, வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8.5 ஆனால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. தூளை வாளி நீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடோ படிகாரத்தோடோ நேரடியாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

நண்பர் அவ்வாறே செய்தார். இரண்டு நாளில் பச்சை நிறம் வெளிறிச் சாம்பலாயிற்று. அதன் பின் படிகாரம் போட்டு, இரவு முழுவதும் அசையாமல் விட்டு, அடியில் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை யாரையும் தொட்டிக்குள் விடவில்லை.

தெளிவும் தூய்மையும்

தரை தெரியாத தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது. மூழ்கிய பிள்ளை மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தெளிவு என்பது அழகுக்காக மட்டும் அல்ல. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீரும் அல்ல. ஒளியைச் சிதறடிக்கப் போதாத எண்ணிக்கையில் இருக்கும் கிருமிகளும் நோய் தரும். படிகாரம் போட்ட குடத்து நீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கடைசியாக நண்பர் கேட்டார்: "மயில்துத்தம் போட்டால் பாசி அடியோடு ஒழியுமாமே?" உண்மைதான். அமெரிக்காவில் மூர், கெல்லர்மன் என்ற இருவர் 1904இலேயே நீர்த்தேக்கங்களுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் அதிலுள்ள தாமிரம் வெயிலில் சிதையாது. அவருடைய தொட்டியின் வடிகால் வாய்க்காலில் விழுகிறது; வாய்க்கால் ஆரணி ஆற்றில்; ஆறு ஏரியில். தொட்டியில் நமக்குப் பகையான நுண்பாசிதான் பழவேற்காட்டில் மடவைக்கும் இறால் குஞ்சுக்கும் உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி. அந்த மீனையும் இறாலையும் நம்பித்தான் ஏரிக்கரைக் குப்பங்களில் அடுப்பு எரிகிறது.

நண்பர் மயில்துத்தத்தை வாங்கவில்லை. இப்போது தொட்டி நீரை மாற்றும்போதெல்லாம், குளோரின் சேர்ப்பதைச் சில நாள் முன்பே நிறுத்தி, வெயிலில் விட்டு, பிறகு தென்னைக்குப் பாய்ச்சுகிறார்.