மெட்டறி விளையாட்டும் பழைய வீட்டுக் கணினியும்

ஒரு பாட்டின் முதற் சில சுரங்களைக் கேட்ட அளவிலே அதன் பெயரைக் கூறிவிடுதல், இசை கற்றார்க்கும் கல்லாதார்க்கும் ஒருங்கே இன்பம் பயக்கும் விளையாட்டாகும். அமெரிக்க நாட்டில் இது 1952 ஆம் ஆண்டில் 'நேம் தற் ரியூன்' என்னும் பெயரால் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலே தொலைக்காட்சிக்கும் சென்றது. "இம்மெட்டை ஏழு சுரத்திற் சொல்வேன்" என ஒருவர் கூற, "ஐந்திற் சொல்வேன்" என மற்றவர் குறைத்துக் கூறும் ஏலமுறையும் பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியில் இடம்பெற்றது. பொருளை ஏலங் கேட்போர் விலையை ஏற்றுவர். இவரோ சுரத்தைக் குறைப்பர். 1980களில் வீட்டுக் கணினிகள் பரவியபொழுது இவ்விளையாட்டு அவற்றுள்ளும் புகுந்தது. இருவர் ஒரு திரையின் முன் அமர்ந்து, பொறி இசைக்கும் மெட்டை முதலில் அறிந்து விசையை அழுத்துவர். எளிய இவ்விளையாட்டினுள்ளே இரு வினாக்கள் கிடக்கின்றன. மெட்டு என்பது யாது? இருவருள் முந்தியவர் யாவர் என்பதைப் பொறி நடுநிலை பிறழாது கூறுமா? இவற்றைக் கொமடோர் 64 என்னும் கணினியை முன்வைத்து ஆராய்வாம்.

அக்கணினி 1982 ஆம் ஆண்டில் 595 டொலர் விலைக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய நிறுவனம் 1994 இல் முறிவுறும்வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட பொறிகள் விலைப்பட்டன. 65,536 எண்கள் அடங்கும் அதன் நினைவகத்தில், பேசிக் மொழியில் எழுதுவோருக்கு எஞ்சுவது 38,911. இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிடின் இது கடலும் கைச்சிரங்கை நீரும் போன்றதே. ஆயினும் இசைத்துறையில் அப்பொறி தன் காலத்துப் பிறவற்றை விஞ்சி நின்றது. காரணம் பொப் யானிஸ் என்பவர் அதற்கென வகுத்த 'சிட்' என்னும் ஒலிச்சில்லு. (யாழ்ப்பாணத்திற் சில்லெனின் வண்டிச் சக்கரத்தையே முதலில் நினைப்பர், ஈண்டுச் சில்லென்றது சிலிக்கன் துண்டை.) யானிஸ் விளையாட்டுப் பொறிக்குரிய ஒலிகளோடு அமையாது, இசைக்கருவிக்குரிய ஒலியாக்கியையே அதனுள் அடக்க முயன்றார். மூன்று குரல்கள் ஒரே வேளையில் ஒலிக்கலாம். ஒவ்வொரு குரலுக்கும் முக்கோண அலை, வாட்பல் அலை, துடிப்பலை, இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள் உள; ஒலி எழுதல், தணிதல், நிலைத்தல், ஒழிதல் ஆகியவற்றின் அளவையும் வேறுவேறாக அமைக்கலாம்.

இத்துணை வளமிருந்தும், அப்பொறியின் பேசிக் மொழியில் ஒரு சுரத்தை ஒலிப்பிக்கும் கட்டளைச்சொல் ஒன்றேனும் இல்லை என்பது வியப்பே. 'போக்' என்னும் கட்டளையால் எண்களை உரிய அறைகளிலே தாமே இடுதல் வேண்டும். செக்கனுக்கு 440 அதிர்வுடைய சுரத்தை எழுப்புவதாயின், 440 ஐ 16,777,216 ஆற் பெருக்கி, பொறியின் துடிப்பு வீதமாகிய 985,248 ஆல் வகுத்தல் வேண்டும். விடை ஏறத்தாழ 7,493. ஓரறையில் 255 இலும் பெரிய எண் அடங்காது. ஆதலின் அதனை 256 ஆல் வகுத்து, ஈவாகிய 29 ஐ 54273 ஆம் அறையிலும் மிச்சமாகிய 69 ஐ 54272 ஆம் அறையிலும் இடுவர். பின்னர்க் குரலைத் திறக்க 54276 ஆம் அறையில் முக்கோண அலைக்கு 17 அல்லது வாட்பல் அலைக்கு 33 இடுதல் வேண்டும். ஒரு சுரத்துக்கு இத்துணை உழைப்பெனில், நூறு மெட்டுக்களை எழுதுவார் பொறுமையை வாசகரே உய்த்துணர்க. சுரத்துக்கு மூன்று எண்கள், மெட்டுக்குப் பன்னிரண்டு சுரங்கள் எனக் கொள்ளின், நூறு மெட்டுக்கும் 3,600 எண்கள் தட்டச்சிடப்படல் வேண்டும். ஓரெண் பிழைப்பினும் மெட்டுப் பிழைக்கும். எதிராளி "இஃது அப்பாட்டன்று" என்று வழக்காட இடமுண்டாகும்.

மேற்கூறிய 985,248 என்பது ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கேற்ற பொறியின் துடிப்பு. அமெரிக்கப் பொறிக்கு அது 1,022,727. எனவே அமெரிக்காவில் எழுதிய எண்களை ஐரோப்பியப் பொறியில் இட்டால், 440 ஆக ஒலிக்கவேண்டிய சுரம் ஏறக்குறைய 424 ஆக ஒலிக்கும். இவ்வீழ்ச்சி அரைச்சுரத்திற் பாதிக்குச் சிறிது கூடியது. ஆயினும் விளையாடுவோர் மெட்டை அறிவதில் இடர்ப்படுவதில்லை; பெரும்பாலோர் மாற்றத்தை உணர்வதுமில்லை. எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் இறங்கியமையே அதற்குக் காரணம். மெட்டென்பது சுரங்களின் தொகுதியன்று, சுரங்களுக்கிடையேயுள்ள உறவு. ஆதார சுருதியை ஏற்றியும் இறக்கியும் பாடிப் பழகிய நமக்கு இது புதிதன்று.

அவ்வுறவிலும் இடைவெளிகளின் திட்பமான அளவு முதன்மையானதா, ஏற்ற இறக்கம் முதன்மையானதா என்பது அடுத்த ஐயம். டவுலிங், பூஜிற்றானி என்னும் உளவியலறிஞர் 1971 இல் வெளியிட்ட ஆய்வில், நன்கறிந்த மெட்டுக்களின் இடைவெளிகளை மாற்றி, ஏற்ற இறக்கத்தை மட்டும் காத்து ஒலிப்பித்தபொழுதும் கேட்போர் பலவற்றை இனங்கண்டனர். டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் 1975 இல் இக்கருத்தையே ஓர் அகராதிக்கு அடிப்படையாக்கினார். முன்னைய சுரத்திலும் மேலது, கீழது, ஒத்தது என்னும் மூன்று குறிகளால் மட்டும் மெட்டுக்களை அதில் வரிசைப்படுத்தினார். 'ருவிங்கிள் ருவிங்கிள்' என்னும் குழந்தைப்பாட்டின் முதல் ஏழு சுரங்கள் ஒப்பு, மேல், ஒப்பு, மேல், ஒப்பு, கீழ் என அடங்கிவிடும். இசை எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவ்வகராதியைப் புரட்டலாம்.

ஆயினும் ஏற்ற இறக்கம் மட்டும் அமையாது, தாளமும் வேண்டும். 'ஜோய் ரு த வேள்ட்' என்னும் கிறித்தவப் பாடலின் தொடக்கம் மேற்சட்சத்திலிருந்து கீழ்ச்சட்சம்வரை எட்டுச் சுரமும் முறையே இறங்குவது. நம் வழக்கிற் கூறின் சங்கராபரணத்தின் அவரோகணம். காலவளவைச் சமமாக்கி ஒலிப்பித்தால் அது பயிற்சி வரிசையாகவே கேட்கும். நீள வேண்டிய சுரத்தை நீட்டியதும் பாட்டுப் பிறந்துவிடும். செய்நிரல் எழுதுவோர் சோம்பி எல்லாச் சுரத்துக்கும் ஒரே நீளமிடின், ஆட்டம் அறிவைச் சோதியாது ஊகத்தையே சோதிக்கும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கற்பாலது. ஷெலன்பேர்க் முதலியோர் 1999 இல் நடத்திய ஆய்வில், பெயர்பெற்ற இசைத்தட்டுப் பாடல்களிலிருந்து செக்கனிற் பத்திலொரு பங்கே நீளமுள்ள துண்டுகளைக் கேட்பித்தனர். அவ்வளவிற் சுரங்கள் தொடர்ந்து மெட்டாகா. எனினும் கேட்டோர் தற்செயலான ஊகத்தை விஞ்சிச் சரியாகவே கூறினர். அவர்க்கு உதவியது குரலினதும் கருவியினதும் ஒலிப்பண்பு. வீட்டுக் கணினியிலோ எல்லாப் பாட்டும் ஒரே வாட்பல் அலையில் ஒலிக்கும். பாடகர் இல்லை, வயலின் இல்லை, சொல்லும் இல்லை. ஆதலின் அங்கே பல சுரங்களைக் கேட்டாலன்றிப் பெயர் வாய்க்கு வராது. பொறியின் வறுமை என்று பலர் இகழும் இதுவே இவ்விளையாட்டுக்கு வாய்த்த பேறு என்பது எமது துணிபு. பிறவெல்லாம் நீங்க, மெட்டொன்றே எஞ்சிநிற்கின்றது.

இனி நடுநிலை. ஒருவர்க்கு விசைப்பலகையின் ஓரத்து விசையும் மற்றவர்க்கு எதிரோரத்து விசையும் கொடுப்பது எளிய வழி. கொமடோர் 64 விசைப்பலகையைச் செக்கனுக்கு ஏறக்குறைய 60 முறை துழாவுகின்றது. ஒரு துழாவலின்போது இரு விசைகளும் அழுந்தியிருப்பின், அது ஒன்றை மட்டுமே பதியும். எதனைப் பதிவது என்பது முந்தியவர் யார் என்பதாலன்றி, விசை இணைக்கப்பட்ட இடத்தாலேயே அமையும். அஃதாவது, சமநிலை நேருந்தோறும் ஒரே பக்கத்தவர் வெல்வர். ஓராட்டத்தில் இது தோன்றாது. ஒரு மாலை முழுவதும் ஆடின் தோன்றும். தோற்றவர் தம் காதையே பழிப்பர்.

ஆதலின் இருவர் கையிலும் ஜோய்ஸ்ரிக் என்னும் கைப்பிடியைக் கொடுத்தல் நன்று. அவற்றின் நிலையை 56320, 56321 ஆம் அறைகளிற் படிக்கலாம். ஆங்கும் ஒரு பொறியுண்டு. முதலறையைப் படித்து, அழுந்தியிருப்பின் உடனே வெற்றியறிவித்தால், அதற்குரியவர் என்றும் நூலிழை முந்துவர். இரண்டையும் படித்த பின்னரே தீர்ப்புக் கூறி, இரண்டும் அழுந்தியிருப்பின் சமமென்று அறிவித்து மறுமெட்டு இசைத்தலே நேரிது. முதற் கைப்பிடியின் விசை பொறிக்கு இடைவெளி விசைபோலவுந் தோன்றுமாதலால், விடையைத் தட்டச்சிடுமுன் 198 ஆம் அறையிற் சுழியம் இட்டு, தேங்கிய எழுத்துக்களை அழித்தலும் வேண்டும்.

ஏனைய பொறிகளையும் சிறிது நோக்குவாம். அதே 1982 இல் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ரம் பொறியில் 'பீப்' என்னும் ஒரு சொல்லாற் சுரம் எழும், எண்ணிக்கணக்கிடும் தொல்லையில்லை. ஆனால் அச்சுரம் ஒலித்து முடியும்வரை பேசிக் செய்நிரல் நின்றுவிடும்; விசையைப் பார்க்காது. நீண்ட சுரத்தின் நடுவே ஒருவர் அழுத்தி விட்டுவிட்டால் அவர் அழுத்தியதே அறியப்படாது. 1981 இன் பிபிசி மைக்ரோவில் சுரங்கள் வரிசையில் நின்று தாமே ஒலிக்க, செய்நிரல் விசைகளைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். இவ்விளையாட்டுக்கு மூன்றனுள் எழுத எளிது அதுவே.

மெட்டைத் தெரிவதிலும் ஒரு மறைந்த குறையுண்டு. கொமடோர் 64 இல் எழுமாறாக எண்தரும் கட்டளையை வழக்கமான முறையிற் பயன்படுத்தின், மின்னிணைத்த ஒவ்வொரு முறையும் அதே எண்வரிசையே வரும். முன்னாள் ஆடியவர் மறுநாள் முதற்சுரம் ஒலிக்குமுன்பே விடை கூறுவர்! பொறியினுள் ஓடும் கடிகாரத்தின் எண்ணை வித்தாக இட்டால் இக்குறை நீங்கும்.

இறுதியாக, விடை சரியென்று கூறுவது யார்? பொறி எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்குமேயன்றிப் பொருள் நோக்காது. மேற்சொன்ன குழந்தைப்பாட்டின் மெட்டு பிரெஞ்சு நாட்டது; 1761 இலேயே அச்சேறியது; மோசார்ட் அதன்மேற் பன்னிரு மாற்றுருக்கள் இயற்றினார். ஆங்கில நெடுங்கணக்குப் பாட்டும் அதே மெட்டினது. ஒருவர் "ருவிங்கிள்" என்றும் மற்றவர் "நெடுங்கணக்கு" என்றும் கூறின் இருவரும் சரியே. செய்நிரலோ ஒன்றையே ஏற்கும். நான்கு பெயர் காட்டி ஒன்றைத் தெரியச் செய்யலாம்; அப்பொழுது நான்கிலொன்று ஊகத்தாற் கிடைக்கும். எம் மதிப்பில் மற்றொரு முறையே சாலச்சிறந்தது. அழுத்தியவர் விடையை வாயாற் கூறுக. பின்னர்ப் பொறி தன் விடையைத் திரையிற் காட்டுக. சரியா பிழையா என்னும் விசையை எதிராளியே அழுத்துக. தோற்றவர் கையிலேயே தீர்ப்பு இருத்தலின், இந்த ஒரு வரிக்குச் செய்நிரலில் 'போக்'கும் வேண்டா, கணக்கும் வேண்டா.