பூச்சாடிக்கு வர்ணந் தீட்டுதல்

மட்சாடியொன்றை வாங்கி, வர்ணந் தீட்டி, முற்றத்திலே வைத்தல் சிறுபிள்ளைகளுக்கும் இயலும் எளிய தொழிலென்றே பலரும் எண்ணுவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் அன்னையார் இறந்தபின், அவர் வளர்த்த துளசியின் கன்றொன்றை மட்சாடியில் நட்டுவைத்தோம். தைப்பொங்கலை முன்னிட்டு என் மக்கள் இருவரும் அச்சாடிக்கு நீலமும் மஞ்சளுமாக எனாமல் தீட்டினர். மாசி முடியுமுன் வர்ணம் கொப்புளித்தது. கொப்புளத்தை விரலாற் கீறியபோது அடியிலே வெண்பொடி படர்ந்திருந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டார் என்று வீட்டிலுள்ளோர் குறைகூறினர். குற்றம் கடைக்காரரிடத்ததன்று என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

சுட்ட மண் யாதென முதற்கண் நோக்குவாம். ஈரக் களிமண்ணை வெயிலிற் காயவைத்தால் அது இறுகும். நீரிலிட்டால் மீண்டும் கரையும். சூளையில் ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பத்தில், களிமண்ணின் கட்டமைப்போடு இரசாயன முறையாற் சேர்ந்துநின்ற நீரும் நீங்கிவிடுகின்றது. அதன்பின் அது கரையும் மண்ணாக மீளுவதில்லை. எங்கள் குயவர் சுடும் செந்நிறச் சாடிகள் ஏறக்குறைய 1000 பாகையைத் தாண்டுவதில்லை. அவ்வெப்பத்தில் மண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளுமேயன்றி உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை முற்றாக அடைப்பதில்லை. ஆகவே சாடியின் சுவர் முழுவதும் நுண்துளைகளாய் இருக்கும். மண்பானை நீர் குளிர்வதும் இத்துளைகளாலேயாம்.

குயவர் தரும் நிறம் வேறு, நாம் வீட்டிலே தீட்டும் நிறம் வேறு. முன்னையது நெருப்போடு கூடியது. 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடாத்திய அகழ்வாய்விற் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் இதற்கு நல்ல சான்று. அவற்றின் உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. அங்கே வர்ணம் எதுவும் பூசப்பட்டிலது. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டமையால் உள்ளே ஒட்சிசன் குறைந்து கறுப்பும், வெளியே ஒட்சிசன் கிடைத்து மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டினாற் சிவப்பும் தோன்றின. அந்நிறம் மண்ணின் மெய்யோடு ஒன்றியதாதலின், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுட் கிடந்தும் உரிந்துபோகவில்லை. சீனரின் நீலவெண் பீங்கானிலே கோபாற்று நீலம் கண்ணாடி மெருகின் கீழ் அடைபட்டுக் கிடக்கின்றது. அதனையும் நகத்தாற் சுரண்ட முடியாது. மெருகின் மேலெழுதும் பூவேலைகளுங்கூட 700, 800 பாகை வெப்பத்தில் மீளச் சுடப்பட்டே நிலைபெறுகின்றன.

வீட்டிலே சூளையில்லை. எனவே நாம் செய்வது, சுட்டு ஆறிய கலத்தின்மேல் நிறத்தை ஒட்டவைத்தல் மட்டுமே. இது இழிந்த முறையன்று. மணவறையில் வைக்கும் அரசாணிப் பானைகளுக்கும் இவ்வாறே வர்ணமிடுகின்றோம். ஆனால் அவை சில நாட்களுக்கே உரியவை. நெடுநாள் நிற்கவேண்டிய பொருளில் இம்முறையின் தளர்ச்சி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் சீனப் பேரரசன் கல்லறையருகே 1974ஆம் ஆண்டு வெளிப்பட்ட சுடுமண் போர்வீரர் சிலைகளை நினைத்தல் வேண்டும். இன்று செம்மண் நிறமாகத் தோன்றும் அச்சிலைகள், ஆக்கப்பட்ட காலத்தில் ஒளிமிக்க பல வர்ணங்களுடன் விளங்கின. சுட்ட மண்மீது மரப்பிசினாலாகிய மெருகைப் பூசி, அதன்மேல் வர்ணந் தீட்டியிருந்தனர். ஈரமண்ணிலே புதைந்துகிடந்த அம்மெருகு, தோண்டி வெளியே எடுக்கப்பட்டதும் சில நிமிடங்களில் உலர்ந்து சுருண்டு வர்ணத்தோடு உதிர்ந்தது. ஈரம் மாறியபோது வர்ணத்தின் அடித்தளமே கலத்தைவிட்டு நீங்கிற்று. என் வீட்டுத் துளசிச்சாடியிலும் பிரிவு நேர்ந்தது அவ்விடத்திலேயே. ஆயின் அங்கே உலர்ச்சி செய்ததை இங்கே ஈரம் செய்தது.

நாள்தோறும் துளசிக்கு ஊற்றிய நீர் சாடியின் சுவருள் ஊறிப் புறத்தே வந்து ஆவியாதல் இயல்பு. எனாமல் நீராவியை எளிதில் வெளியே விடாது. வழியடைபட்ட நீர் வர்ணத்தின் பின்னே தங்கிற்று. எங்கள் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையினூடாக வருவது. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவை அறியாதார் இங்கே எவருமிலர். அச்சுண்ணமும், உரத்தின் உப்புகளும் வர்ணத்தின் பின்னே பளிங்குகளாகத் திரண்டு அதனை உந்தித் தள்ளின. யாம் கண்ட வெண்பொடி அதுவே.

இதனை அறிந்தவுடன் யான் செய்த செயல் முன்னதினும் தவறானது. நீர் சுவருட் புகாதிருக்கட்டும் என்று உட்புறத்தையும் நன்றாக மூடிப் பூசினேன். வர்ணம் நிலைத்தது, துளசி வாடிற்று. இலைகள் மஞ்சளாகி உதிர, நீர் போதவில்லைப் போலும் என்றெண்ணி மேலும் நீர் ஊற்றினேன். சுவரினூடாகக் கழிந்த நீர் இப்போது உள்ளேயே தங்கி வேரை மூச்சுத்திணறச் செய்ததென்பது, செடியைப் பெயர்த்துக் கரிய வேர்களைக் கண்டபோதே விளங்கிற்று. அழுகிய வேரைக் களைந்து வர்ணமில்லாத சாடியில் நட்டேன். இரண்டு கிளைகள் தப்பின.

இனிச் செய்முறை. புதிய சாடியாயின் ஒருநாள் நீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலிற் பல நாள் முற்றாகக் காயவிடல் வேண்டும். மழைகாலத்தில் ஒரு வாரமும் போதாது. எனாமலை விட அக்கிரிலிக் வர்ணம் இதற்கு உகந்தது. நீரிலே மிதக்கும் நுண்ணிய பல்பகுதியத் துணிக்கைகள், நீர் ஆவியானபின் நெருங்கி ஒன்றாகப் படலமாகின்றன. அப்படலம் மழையிற் கரையாது. ஆயினும் நீராவி சிறிது செல்ல இடங்கொடுக்கும். தடித்த ஒரு பூச்சிலும் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுக்களே நன்று. உட்புறத்திலும் நீர்தடுக்கும் அக்கிரிலிக் பூச்சைப் பூசுவதாயின், அடித்துளையை ஒருபோதும் அடைத்தலாகாது. நீர் ஊற்றுவதையும் குறைத்தல் வேண்டும்.

மெருகிட்ட பீங்கான் சாடியின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே துளைகளில்லை, மேற்பரப்புக் கண்ணாடியாதலின் வர்ணம் பற்றிக்கொள்ள இடமேயில்லை. நுண்ணிய அரத்தாளால் மினுக்கம் மங்கும்வரை தேய்த்து, தூசும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்து, வழவழப்பான பரப்புக்குரிய அடிப்பூச்சை முதலிற் பூசுதல் வேண்டும். இவ்வளவு செய்தும் கூரிய பொருள் பட்டால் உரியும்.

பிள்ளைகளை இத்தொழிலில் ஈடுபடுத்தும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறவேண்டும். வீட்டின் மூலையிற் கிடக்கும் பழைய எனாமல் தகரங்களை அவர்கள் கையிற் கொடாதீர்கள். பழைய மஞ்சள், செம்மஞ்சள் வர்ணங்கள் பலவற்றில் ஈயக் குரோமேற்றுக் கலந்திருந்தது. வர்ணங்களிலுள்ள ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டிலேயே. பழைய வர்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூசு இன்னும் தீது; ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையைத் தாக்குவது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சமாதானம் ஏற்பட்டுள்ளது. பிள்ளைகள் மீளத் தீட்டிய பெரிய சாடி வெளியே நிற்க, துளசி நின்ற சிறிய செஞ்சாடியை அதனுள்ளே, இரண்டு ஓட்டுத்துண்டுகளின்மேல் வைத்திருக்கின்றோம். இரண்டு சுவர்க்கும் இடையே விரலளவு வெளியுண்டு. சென்ற மாரியிலும் வர்ணம் உரியவில்லை. கன்று வேண்டுமென்று அயலார் கேட்கத் தொடங்கியுள்ளனர்.