பல்வலி வரும்வரை காத்திருக்கலாமா?

எமது மக்களில் பெரும்பாலானோர் பல் வைத்தியரை நாடுவது, வலி உறக்கத்தைக் கெடுத்த பின்னரேயாகும். காய்ச்சல் என்றால் மறுநாளே வைத்தியசாலைக்குச் செல்பவர்கள்கூட, பல்லில் தோன்றும் கறுப்புப் புள்ளியையோ, பல் துலக்கும்போது கசியும் இரத்தத்தையோ பொருட்படுத்துவதில்லை. வலி இல்லையேல் நோயும் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆனால், வாயில் ஏற்படும் நோய்கள் பலவற்றில் வலி முதல் அறிகுறியல்ல, காலங்கடந்த அறிகுறியாகும்.

பற்சூத்தையை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் சீனியை வாயிலுள்ள பக்டீரியாக்கள் அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லின் மேற்படையான மிளிரியைக் கரைக்கின்றது. மிளிரியில் நரம்பு இல்லாததால் அப்போது வலி தெரிவதில்லை. வெண்ணிற அல்லது கபில நிறப் புள்ளி மாத்திரமே தென்படும். சூத்தை உட்படையை அடையும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பல்லைக் கூசச்செய்யும். இந்நிலையில் பல்லை அடைத்தாலே பெரும்பாலும் போதுமானது. இரவில் துடிக்கும் வலி ஏற்படுமாயின், சூத்தை நரம்பை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம். அதன்பின் வேர்ச் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குதல் என்பதே வழியாகின்றது. சில நாட்களில் வலி தானாக நின்றுவிட்டால் நோய் குணமாகிவிட்டது எனப் பலர் மகிழ்கின்றனர். உண்மையில் நரம்பு இறந்திருக்கலாம். கிருமித்தொற்றோ வேரின் அடியில் தொடர்ந்து பரவும்.

முரசு நோயும் இத்தகையதே. முரசில் இரத்தம் கசிதல், வீக்கம், நீங்காத வாய்நாற்றம் என்பன அதன் அறிகுறிகளாகும். கவனியாது விட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு தேய்ந்து, சூத்தையற்ற பல்லும் ஆடி விழுந்துவிடும். நீரிழிவு நோயாளரிடம் இது கடுமையாகக் காணப்படும். பற்காரையை அகற்றினால் பல் ஆடும் என்பதும், பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்பதும் ஆதாரமற்ற அச்சங்களாகும்.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்கள் எதுவும் விழாமலேயே, அவற்றின் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. இதனைப் பாற்பல் என எண்ணிக் கைவிடுவதால், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் பால்யத்திலேயே பறிபோகின்றது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இத்தகைய பிள்ளைகளுக்காகவே இயங்குகின்றன. வவுனியா, அநுராதபுரம் போன்ற பகுதிகளில் கிணற்று நீரிலுள்ள மிகையான புளோரைட்டினால் பற்களில் ஏற்படும் கறை, சூத்தையினின்றும் வேறானது. எனினும் அதனையும் பல் வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

இவை யாவற்றிலும் பாரதூரமானது வாய்ப்புற்றுநோயாகும். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவேயாகும். பெருந்தோட்டங்களிலும் கிராமங்களிலும் வெற்றிலை போடுதல் களைப்பைப் போக்கும் துணையாகவும், விருந்தோம்பலின் அடையாளமாகவும் விளங்குவதை நாம் அறிவோம். புகையிலையைத் தவிர்த்தால் கேடில்லை என்று பலர் நம்புகின்றனர். ஆயினும், பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதை சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் எடுத்துரைத்தது. வாயினுள் வெண்ணிற அல்லது செந்நிறத் திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, உறைப்பு உண்ணும்போது எரிவு, வாயைத் திறப்பது படிப்படியாகக் கடினமாதல் ஆகியவற்றில் எதுவாயினும், வலி இல்லாவிடினும் உடன் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆரம்பத்தில் கண்டறியப்பட்டால் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம்.

சில வேளைகளில் ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது. முகவீக்கத்துடன் காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்பன ஏற்பட்டால் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விபத்தில் நிரந்தரப் பல் முழுமையாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாது எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணித்தியாலத்திற்குள் பல் வைத்தியரை அடைந்தால் அதனை மீளப் பொருத்த இயலும். வலிக்கும் பல்லருகே அஸ்பிரின் மாத்திரையை வைப்பது முரசைப் புண்ணாக்கும். கராம்புத் தைலம் வலியைச் சற்றுத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது.

மிஸ்வாக்கும் வேப்பங்குச்சியும் எமது மூதாதையர் பற்களைப் பேணிய முறையை நினைவூட்டுகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோரும், உறங்குவதற்கு முன்னர் புளோரைட் கலந்த பற்பசையால் பல் துலக்குவது அவசியமாகும். அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. அங்கு வரிசையில் நிற்கச் சலித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெறாத போலி வைத்தியர்களிடம் வாயைத் திறப்பது, இருக்கும் நோயுடன் புதிய நோயையும் விலைக்கு வாங்குவதாகும்.

ஆண்டுக்கு ஒரு தடவையேனும் பற்களைப் பரிசோதித்துக்கொள்வதும், மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்துக்கொள்வதும் எவருக்கும் இயலாத காரியங்களல்ல. வெற்றிலை போடும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், இதனை அவர்களுக்கு நினைவூட்டும் பொறுப்பு பிள்ளைகளைச் சார்ந்ததாகும்.