வழுக்காத வழுக்குப்பாறை

குதிரையின் கால் வழுக்கும் பாறையில் ஜீப் ஏறுமா? ஏறும். அதுவும் மாடிப்படி போன்ற சரிவில், சிறிதும் சறுக்காமல் ஏறும்! நம்ப முடியவில்லையா? ஐந்து ஜீப்புகள் வரிசையாகப் புறப்பட நிற்கின்றன. ஒன்றில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த இயற்பியல் வேலை செய்வதை நேரில் காணலாம்.

நாம் வந்திருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப் என்னும் சிற்றூர். சுற்றிலும் செம்பாறைகள், கொலராடோ ஆறும் அதன் கிளைகளும் அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகள், மற்றபடி வறண்ட பாலை. 1950களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் இங்கே பல கரடுமுரடான பாதைகளை வெட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள், பாதைகள் நின்றன. 1967-ஆம் ஆண்டில் இவ்வூரார் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி ஜீப் பயணம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பின்னர் பாறையில் வண்டி ஓட்டுவோருக்கு மோவாப் பெயர்பெற்ற ஊராகிவிட்டது.

முதலில் பாறையைப் பார்ப்போம். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பெரும் மணற்குன்றுகள் இருந்தன. அவற்றின்மேல் வேறு படிவுகள் மூடின. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கனிமங்கள் மணல் துகள்களைப் பசைபோல் ஒட்ட, மணல் பாறையாயிற்று. நவஹோ மணற்பாறை என்பது அதன் பெயர். மக்கள் இட்ட பெயரோ ‘ஸ்லிக்ராக்’, அதாவது வழுக்குப்பாறை. இரும்பு லாடம் அடித்த குதிரைகள் இதன்மேல் சறுக்கியதால் வந்த பெயர் அது.

லாடம் கடினமானது. பாறையின் மேடுகளில் மட்டும் பட்டு நழுவுகிறது. ரப்பர் மெத்தென்றது. துகள்களுக்கு இடையேயுள்ள நுண்குழிகளில் பிதுங்கி நுழைந்து பற்றிக்கொள்கிறது. உப்புத்தாளின்மேல் அழிப்பானை அழுத்தி இழுத்துப் பாருங்கள். பிறகு ஒரு நாணயத்தை இழுத்துப் பாருங்கள். உராய்வு என்பது ஒரு பொருளின் தனிக்குணம் அன்று, இரு பரப்புகள் சேர்ந்து உண்டாக்குவது என்பது உங்களுக்கே விளங்கும்.

இதோ, ஓட்டுநர்கள் இறங்கி டயர்களிலிருந்து காற்றைத் திறந்துவிடுகிறார்களே, ஏன்? ஒரு கணக்குப் போடுவோம். ஜீப்பின் எடை 2,000 கிலோ என்க. நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின்மேலும் 500 கிலோ. டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ எடை அளவு இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 500 ÷ 2.5 = 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு 400 ஆகிவிடும்! டயரின் பக்கச் சுவரும் சிறிது எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கே. ஆயினும் உண்மை இதுதான்: காற்றுக் குறைந்த டயர் பாறையின் மேடுபள்ளங்களைத் தழுவிக்கொள்கிறது. நெடுஞ்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் வேகத்தில் டயர் நெளிந்து நெளிந்து சூடேறிக் கெட்டுவிடும்.

வண்டிகள் நகர்கின்றன. இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றுகிறதா? ஆம், நடந்து செல்பவர் முந்திவிடுவார்! மிகத் தாழ்ந்த கியரில், சில வண்டிகளில், எஞ்சின் 40 முறைக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் குறைகிறது, அதே விகிதத்தில் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை பெருகுகிறது. மெதுவாகப் போவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பற்றி உருளும் சக்கரத்துக்குக் கிடைக்கும் உராய்வு, வழுக்கிச் சுழலும் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிடிமானம் போய்விடும்.

அடடா! மூன்றாம் ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. அது மட்டும் வேகமாகச் சுற்ற, தரையிலுள்ள அதன் இணைச் சக்கரம் அசையாமல் நிற்கிறது. குற்றவாளி டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருவது இத்தொகுதியே. ஆனால் அது இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்றச் சிறு விசை போதும். எனவே தரையிலுள்ளதற்கும் அந்தச் சிறு விசையே கிடைக்கும். ஓட்டுநர் ஒரு விசையை அழுத்தி டிஃபரன்ஷியலைப் பூட்டுகிறார். இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழன்றாக வேண்டும். வண்டி ஏறிவிட்டது!

சரிவில் நேராக ஏறுவார்கள், நேராக இறங்குவார்கள், குறுக்கே திரும்பமாட்டார்கள். தீப்பெட்டி ஒன்றைப் பலகையில் நிற்கவைத்து, பலகையைச் சாயுங்கள். பெட்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து செல்லும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்கு வெளியே விழுந்த கணமே அது கவிழும். அகலத்தைவிட நீளம் மிகுந்த ஜீப்பும் பக்கவாட்டில்தான் எளிதில் கவிழும்.

ஐந்து வண்டிகள் எதற்கு, ஒன்று போதாதா? முன்சக்கரத்தின் கீழே என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது, முகப்பு மறைத்துவிடும். ஆகவே ஒருவர் இறங்கி முன்னே நின்று கைச்சாடையால் வழி காட்டுகிறார். ஒரு வண்டி கடினமான இடத்தைக் கடக்கும்வரை மற்றவை காத்திருக்கின்றன. பாதை பிரியுமிடத்தில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் நகர்வதில்லை. பழுதுபட்டால் இழுக்க ஆளுண்டு. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் குடிநீரும் கட்டாயம்.

மறுநாள் கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறோம். 1964-இல் அமைந்த இப்பூங்காவில் ‘ஒயிட் ரிம்’ என்னும் 160 கிலோமீட்டர்ப் பாதை இருக்கிறது. அனுமதிச் சீட்டுப் பெற்று, இரண்டு மூன்று நாளில் சுற்றிவரலாம். வழியில் உலர்ந்த ஓடை ஒன்று குறுக்கிடுகிறது. மணல் பரந்து, கூடாரம் அடிக்கத் தோதான இடம்போல் தோன்றும். அடிக்கவே கூடாது! இங்கே வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ தொலைவில் பெய்த மழையைப் பாறை உறிஞ்சாது. அவ்வளவு நீரும் ஓடைக்குள் சேர்ந்து, சில நிமிடங்களில் வெள்ளச் சுவராக வந்துவிடும். வெள்ளம் ஓடினால் கடக்காமல் வடியும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

பாதையோரத்தில் கருத்து, புடைத்து, மேலோடுபோல் கிடக்கும் மண்ணைப் பாருங்கள். அழுக்கல்ல, உயிர்! சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களின் பிசுபிசுத்த இழைகள் மணல் துகள்களைப் பின்னிப் பிணைத்திருக்கின்றன. கூடவே பாசிகளும் லைக்கன்களும் வாழ்கின்றன. இந்த மேலோடு காற்றில் மண் பறக்காமல் காக்கிறது. மழைநீரைப் பிடித்து வைக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. பாலைச் செடிகள் வேரூன்றுவது இதன் துணையால்தான்.

ஒரு சக்கரம் இதன்மேல் ஒரே ஒரு முறை ஓடினால் போதும், இழைகள் அறுந்துவிடும். மீண்டும் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நமது காலடிகூட அதற்கு ஆகாது. இரண்டு டன் ஜீப்பை அசையாமல் தாங்கும் பாறைக்குப் பக்கத்திலேயே, ஒரு மனிதனின் எடையைத் தாங்க முடியாத மண்!

அதனால்தான் நம் வண்டிகள் பாதையை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. கடைசி ஜீப்பும் கடந்துவிட்டது. திரும்பிப் பாருங்கள். ஐந்து வண்டிகள் போயிருக்கின்றன. தடம் ஒன்றுதான் தெரிகிறது, அல்லவா?