கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர்: எந்த பார்ட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

“எடிட்டிங்குக்கு ஒரு நல்ல சிஸ்டம் வேணும்” என்று கடையில் போய் நின்றால், கவுன்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு சார்?” தொகையைச் சொன்ன ஐந்தாவது நிமிடம் துண்டுத்தாளில் கொட்டேஷன் வந்துவிடும். அதில் தப்பான பொருள் ஒன்றும் இருக்காது. ஆனால் “என்ன கேமராவில் எடுக்கிறீங்க?” என்று கேட்பவர் அபூர்வம். கேட்டிருந்தால் அந்தத் தாளில் பாதி மாறியிருக்கும்.

கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்குவதில் இதுதான் சூட்சுமம். எல்லா வேலைக்கும் சிறந்த கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. உங்கள் வேலை எந்த இடத்தில் முட்டி நிற்கிறதோ, அந்த இடத்துப் பார்ட்டுக்குத்தான் காசு போக வேண்டும். மற்றவை போதுமான அளவில் இருந்தால் சரி. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கு அசெம்பிள் செய்வதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பழைய கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

இப்போது இருக்கும் கம்ப்யூட்டரில் வழக்கமான வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். வீடியோ திக்கித் திக்கி ஓடும்போது எந்தக் கோடு உச்சியில் நிற்கிறது? பிராசஸர் 100 சதவீதத்தில் இருந்து கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தால், புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் பெரிய மாற்றம் வராமல் போகலாம். மெமரி நிரம்பி டிஸ்க் ஓயாமல் ஓடினால் குறை ராமில். கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ என்று தனியாக ஒரு கோடு உண்டு. எடிட்டர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கேமரா தீர்மானிக்கும் பிராசஸர்

இன்றைய கேமராக்கள் பலவற்றில் ஹெச்.265 முறையில், 10-பிட், 4:2:2 என்று பதிவு செய்யலாம். 8-பிட்டில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1,024. 4:2:0 என்றால் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் நிறத் தகவல் இருக்கும். 4:2:2 என்றால் இரண்டுக்கு ஒன்று. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பையும் மண்டப விளக்கின் மஞ்சளையும் பிறகு சரிசெய்ய இந்தக் கூடுதல் தகவல் கைகொடுக்கும்.

சிக்கல் அடுத்தது. ஹெச்.265 எல்லா ஃப்ரேமையும் முழுப்படமாகச் சேமிப்பதில்லை. பெரும்பாலானவற்றில் பக்கத்து ஃப்ரேமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் இருக்கும். டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தைத் தொட்டால், அங்கே என்ன படம் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போடத் தனி வன்பொருள் இருந்தால் சிரமம் தெரியாது. இல்லையென்றால் எத்தனை கோர் இருந்தாலும் பிராசஸர் மூச்சுவாங்கும்.

அந்த வன்பொருள் எல்லாவற்றிலும் இல்லை. இன்டெல் பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் ‘குயிக் சிங்க்’ என்று ஒரு பகுதி உண்டு. 11-ஆம் தலைமுறையிலிருந்து அது ஹெச்.265 4:2:2 10-பிட்டைப் பிரிக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளுக்கு, விலை உயர்ந்த 4090 உட்பட, 4:2:2 வராது. 2025-இல் வந்த 50 வரிசைக்கு வரும். ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசை பிராசஸர்களின் உள் கிராபிக்ஸுக்கும் 4:2:2 வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால், அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. குயிக் சிங்க்கும் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கொட்டேஷனில் அது சுலபமாக நுழைந்துவிடும். எடிட்டருக்கு அந்த மிச்சம் நஷ்டம்தான்.

ஆகவே நம் எடிட்டருக்கு 20 கோர் உள்ள இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே போன்ற ஒன்று பொருந்தும். ரைசன்தான் வேண்டும் என்றால் அதோடு 50 வரிசை கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுவே கேம் விளையாடுபவர் என்றால் கணக்கு தலைகீழ். அவருக்கு 8 கோர் மட்டுமே உள்ள ரைசன் 7 9800எக்ஸ்3டி மேல். பிராசஸருக்குள் இருக்கும் 96 எம்பி எல்3 கேஷ் கேமுக்குப் பெரிய பலம். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர் இரண்டு பக்கமும் ஏமாறுவார்.

காசு செலவில்லாத வழியும் ஒன்று உண்டு: ப்ராக்ஸி. பெரிய ஃபைல்களுக்குச் சிறிய நகல் எடுத்து அதில் எடிட் செய்து, கடைசியில் அசலை வைத்து எக்ஸ்போர்ட் செய்வது. பழைய கம்ப்யூட்டரில் இதை முயன்று பாருங்கள். அதிலேயே வேலை ஓடிவிட்டால் புதிதாக வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

கிராபிக்ஸ் கார்டு: மெமரியைப் பாருங்கள்

கலர் கிரேடிங், நாய்ஸ் குறைப்பு, எஃபெக்ட் எல்லாம் கிராபிக்ஸ் கார்டின் வேலை. இங்கே வேகத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் சொந்த மெமரி. டாவின்சி ரிசால்வில் 4கே வீடியோவுக்கு நாய்ஸ் குறைப்பு போட்டு, அதன்மேல் இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்தால் 8 ஜிபி கார்டு திணறும். மெமரி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். ரெண்டர் பாதியில் நிற்கும். 12 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. 16 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ இந்த வேலைக்கு நல்ல நடுநிலை. 32 ஜிபி உள்ள 5090 மட்டுமே 575 வாட் இழுக்கும். கல்யாண வீடியோவுக்கு அது தேவையில்லை.

ராம்: எத்தனை ஜிபி, எத்தனை பட்டை

4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி தொடக்கம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் சேர்ந்தால் 64 ஜிபி. இரண்டு பட்டைகளாக வாங்குங்கள். ஒரே பட்டை என்றால் மெமரிக்குப் போகும் இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கும். நான்கு பட்டை செருகினால் டிடிஆர்5-இல் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டிவரும். நான்கு இடம் உள்ள போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது இடத்தில் போடுவதே வழக்கம்.

பட்டையின் மேல் இரண்டு எண்கள் இருக்கும்: 6000 என்பது வேகம், சிஎல்30 என்பது காத்திருப்பு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 6000 சிஎல்30 என்றால் காத்திருப்பு 10 நானோ விநாடி. 6000 சிஎல்40 என்றால் 13.3. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-உம் அதே 10 நானோ விநாடிதான். ஆக, பெரிய எண் எழுதியிருப்பதெல்லாம் வேகமானது என்று பொருளில்லை.

இன்னொன்று: பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கினால்தான் அந்த வேகம் வரும். காசு கொடுத்து 6000 வாங்கி, இதைச் செய்யாமல் 4800-இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. அதனால் கொட்டேஷன் எடுத்த அன்றைய விலை அடுத்த வாரம் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எஸ்எஸ்டி: கணக்குப் போட்டால் காசு மிச்சம்

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்தம், வரவேற்பு சேர்த்து இரண்டு கேமரா, தலா ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 540 ஜிபி. இடம் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. வேகம்? அந்த வீடியோவைப் படிக்க விநாடிக்கு 12.5 எம்பி போதும். நான்கு கேமராவை ஒன்றாக ஓட்டினாலும் 50 எம்பிதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 550 எம்பி கொடுக்கும். பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி 7,000 வரை, 5.0 எஸ்எஸ்டி 12,000-க்கும் மேல்.

ஆக, அதிவேக 5.0 எஸ்எஸ்டி வாங்கினால் இந்த வேலையில் வித்தியாசம் தெரியாது. சூடு மட்டும் அதிகம். விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 1 டிபி, நடக்கும் வேலைகளுக்கு 2 டிபி என்று இரண்டு 4.0 எஸ்எஸ்டி போதும். முடிந்த கல்யாணங்களுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க், அதற்கு ஒரு நகல். மறுபடி எடுக்க முடியாத வீடியோ ஒரே டிஸ்க்கில் இருக்கக் கூடாது.

மதர்போர்டு: சாக்கெட்டும் இடமும்

மதர்போர்டு வேலையை வேகமாக்காது. மற்றவற்றை ஒழுங்காக ஓட விடும், அவ்வளவுதான். பிராசஸரின் சாக்கெட் பொருந்த வேண்டும்: 265கே-க்கு எல்ஜிஏ1851, ரைசன் 9000-க்கு ஏஎம்5. எம்.2 இடங்கள் எத்தனை, பின்பக்கம் யுஎஸ்பி எத்தனை, பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்கிளாக் செய்யாதவருக்கு இசட்890 வேண்டாம், பி860 போதும். நாலைந்து வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணமிருந்தால் ஏஎம்டி பக்கம் வரலாறு நல்லது. 2017-இல் வாங்கிய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து 2022-இல் வந்த பிராசஸரைப் போட முடிந்தது.

நம் ஊர் மின்சாரமும் வெயிலும்

கொட்டேஷனில் கடைசியாக எழுதி, விலை பேசும்போது முதலில் வெட்டப்படுவது எஸ்எம்பிஎஸ். நான் அதை வெட்டவே மாட்டேன். 5070 டிஐ 300 வாட், 265கே உச்சத்தில் 250 வாட், மற்றவை 100 என்று வையுங்கள், 650 ஆகிறது. கிராபிக்ஸ் கார்டு கண நேரத்துக்கு இதற்கும் மேலே தாவும். அதனால் 850 வாட் சரி. 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பாதுகாப்பையும் ஆயுளையும் பற்றி அது பேசாது. அதற்கு வாரன்டியைப் பாருங்கள். ஏழு, பத்து வருடம் கொடுக்கும் தயாரிப்புகளை நம்பலாம். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைக் கழற்றி வேறொன்றில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம்; டிஸ்க் கருகிவிடும்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது சுமார் 360 வாட். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்காமல் அணைந்துவிடும். வாட் எண்ணைக் கேட்டு, முடிந்தால் ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள். ஃபைலைச் சேமித்து மூட ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெயில் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அதற்கு மேலே எத்தனை டிகிரி என்பதில்தான் கூலருக்குக் கூலர் வித்தியாசம். 23 டிகிரி அறையில் சோதித்து 75 டிகிரி காட்டிய பிராசஸர், மே மாதம் 37 டிகிரி அறையில் 89-ஐத் தொடும். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து கூலர் வாங்குபவர்கள் இந்த 14 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் அழகு; வலையாக இருந்தால் காற்று. வலையே நல்லது. உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுவதைவிடக் கூடுதலாகவும், இழுக்கும் இடத்தில் தூசி வலையும் இருந்தால் உள்ளே புழுதி குறைவாகச் சேரும். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் பலவும் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கேபினட்டுக்குள் நுழையுமா, கூலரின் உயரத்துக்குக் கதவு மூடுமா என்று அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் நாளில்

‘ட்ரே’ பிராசஸர் என்று பெட்டியில்லாமல் மலிவாகக் கொடுப்பார்கள். அதற்குத் தயாரிப்பாளரின் வாரன்டி இருக்காது, கடைக்காரர் வாய்ச்சொல்தான். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்த பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். சென்னைக்கு மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் பத்து நாள் வேலை நின்றுபோகும் என்று கணக்கில் வையுங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போனாலும் உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் எடுத்த கல்யாணத்திலிருந்து இரண்டு நிமிட வீடியோவை, கேமராவில் இருந்தபடியே, ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். “பட்ஜெட் எவ்வளவு சார்?” என்று கேட்டால் முதலில் அதை நீட்டுங்கள். “இதை எடிட்டிங் மென்பொருளில் போட்டு, நீங்க சொல்ற சிஸ்டத்துல திக்காம ஓட்டிக் காட்டுங்க.” ஓடினால் பணத்தைக் கொடுக்கலாம்.