உடைந்த பக்கத்தைப் பாருங்கள்

உத்திரமேரூர் வட்டாரக் குவாரிகளிலிருந்து வரும் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்து, புதிதாக உடைந்த பக்கத்தை வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பச்சையோடிய சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு தெரியும். நடுநடுவே சில புள்ளிகள் வெண்கல நிறத்தில் மின்னி, கல்லைச் சற்றுச் சாய்த்ததும் அணைந்துவிடும். இது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள பல்லாவரத்துக் கல்லை வைத்து, 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. ஆய்வுக்கூடம் இல்லாமலே அதை நமக்கு முதலில் அடையாளம் காட்டுவது இந்த மிளிர்வுதான். நிறத்தை அவ்வளவு நம்ப முடியாது. வெயிலிலும் மழையிலும் கிடந்த சார்னோகைட்டின் மேற்புறம் வெளிறியும் பழுப்பேறியும் போய், வேறு ஏதோ கல்போல் இருக்கும்.

மிளிர்வு என்பது ஒளி எவ்வளவு திரும்புகிறது, எப்படித் திரும்புகிறது என்ற கணக்கு. நேராக விழும் ஒளியில் குவார்ட்ஸ் நூற்றுக்கு நான்கைந்து பங்கையே திருப்புகிறது. வைரம் 17 பங்கு. பைரைட் போன்ற சில உலோக மிளிர்வுள்ள கனிமங்கள் பாதிக்கு மேல் திருப்பிவிடுகின்றன. திரும்பும் விதமும் முக்கியம். பெல்ஸ்பார் தட்டையாகப் பிளப்பதால் அதன் முகம் முழுவதும் ஒரே நொடியில் கண்ணாடிபோல் வெட்டி மின்னுகிறது. காக்காப்பொன் ஏடு ஏடாக அடுக்கியிருப்பதால் முத்தின் மிளிர்வைக் காட்டுகிறது. உடைப்பு நுணுக்கமாகச் சொரசொரத்திருந்தாலோ, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நிறைந்திருந்தாலோ ஒளி சிதறி எண்ணெய்ப் பூச்சுபோல் தோன்றும். நம் ஜல்லியில் வெண்கலமாய் மின்னியது ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம்.

தேய்த்தால் எந்தக் கல்லும்தானே மின்னும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கும் கல்லில் பளபளப்பைத் தேட முடியாது. உளி பட்ட முகம் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். எண்ணெய்க்காப்பில் ஊறிய கற்சிலையோ கருகருவென்று மின்னும். அங்கே மின்னுவது கல்லின் குழிகளை நிரப்பிய எண்ணெய். அதனால்தான் மிளிர்வைப் புதிய உடைப்பில் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ஒருவருக்கு எண்ணெய் மினுக்காகத் தெரிவது இன்னொருவருக்குக் கண்ணாடியாகத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உலோக மிளிர்வா இல்லையா என்பதில் பெரும்பாலும் சண்டை வராது; மீதிக்கு வேறு சோதனைகள் துணை நிற்கும். மணலில் தங்கம்போல் மினுக்கும் காக்காப்பொன்னை நகத்தால் ஏடாக உரித்துவிடலாம். பைரைட்டை மெருகிடாத பீங்கானில் உரசினால் கரிய கோடு விழும், தங்கம் மஞ்சளாய் இழுக்கும். தரைக்குக் கறுப்பு கிரானைட் வாங்குகிறவர்களுக்கும் உடைந்த பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் உதவும். மெருகு ஏறிய மேற்பரப்பில் பலவகைக் கற்கள் ஒன்றுபோலவே இருக்கும், சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. பலகையின் மெருகேறாத ஓரத்தையோ ஓர் உடைந்த துண்டையோ கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.